கூட்டம் கலைக்கும் ஒத்திகை

ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கியதும் வெயில் மங்கியது. சத்தமும் கொஞ்சம் தள்ளிப் போனது.

இடக்கையில் ஷீல்டு. வலக்கையில் லத்தி. வரிசையில் முப்பது பேர். எல்லோரும் அவனைப் போலவே இருந்தார்கள்.

எதிரே, ஆயுதப்படை மைதானத்தின் மறுமுனையில், இன்னொரு முப்பது பேர். அவர்களும் போலீஸ்காரர்கள்தான். இன்றைக்கு லுங்கி கட்டிக்கொண்டு கலவரக் கூட்டமாக நின்றார்கள். எறிவதற்குக் காகித உருண்டைகள் கொடுத்திருந்தார்கள்.

லத்தி தரையில்தான் விழ வேண்டும். ஆள் மேல் படக்கூடாது. காலையிலேயே இரண்டு முறை சொல்லியிருந்தார்கள்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கோஷம் போட்டது.

"லீவு கொடு! லீவு கொடு!"

"கூட்டம்னா கூட்டம் மாதிரிக் கத்துங்கய்யா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

கத்தினார்கள்.

சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

தவசி முன்னால் வந்தான். அவனுடைய அறைத் தோழன். காலையில் இருவரும் ஒரே பொட்டலத்தில் இட்லி தின்றிருந்தார்கள்.

"கூலிக்கு அடிக்கிற நாய்ங்களா, வாங்கலே!"

ஷீல்டின் மேல் துப்பினான். எச்சில் மெதுவாக வழிந்தது.

விசில்.

வரிசை ஓடியது. அவனுடைய முதல் அடி தரையில் விழுந்தது. இரண்டாவதும் தரையில்தான். புழுதி கிளம்பியது. கூட்டம் சிதறி ஓடியது. லுங்கி தடுக்கித் தவசி விழுந்தான்.

மூன்றாவது அடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

"ஏல, நான்தாம்ல! தவசி!"

தெரியும்.

நான்காவதும் விழுந்தது.

மறுபடி விசில். இன்ஸ்பெக்டர் கைதட்டினார்.

"இப்படி இருக்கணும்யா ஒத்திகைன்னா!"

வேப்பமரத்தடியில் மோர் கொடுத்தார்கள். தவசியின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதன் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"எந்தப் பயலா இருக்கும் மாப்ள? கண்ணாடிக்குள்ள மூஞ்சியே தெரியல. நீ பாத்தியா?"

அவன் மோரை ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

"இல்ல மாப்ள. பாக்கல."

தவசி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தான். பிறகு மறுபடி தண்ணீரை ஊற்றத் தொடங்கினான்.

"அணி மாறு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வாங்கிக்கொள்ளத் தவசிதான் கை நீட்டினான். உள்ளே அவனுடைய வேர்வை இன்னும் காயவில்லை.

லுங்கியைக் கட்டிக்கொண்டு அவன் கூட்டத்துக்குள் போய் நின்றான். தோளோடு தோள் இடித்தது. யாரோ கோஷம் தொடங்கினார்கள். அவன் வாயும் திறந்தது. தன்னிடம் இவ்வளவு சத்தம் இருந்ததா என்று அவனுக்கே தோன்றியது.

எதிரே முப்பது கண்ணாடிகள் இறங்கின.

ஒருவன் மட்டும் லத்தியை இடக்கையில் பிடித்திருந்தான்.

விசில்.

வரிசை ஓடிவந்தது. இடக்கைக்காரன் அவனைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

அவன் காகித உருண்டையைக் கீழே போட்டான்.

குனிந்தான்.

கைக்கு அடக்கமாக ஒரு கல் கிடைத்தது.