வெளிக்காற்றில் இருப்பது

வீட்டைச் சூடாக்கிய எண்ணெய்க் கொதிகலனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோட்டத்தில் ஹீட் பம்ப் வைத்த நாளிலிருந்து, ஜெர்மனியின் பிரேமன் நகரில் அந்தத் தெருவுக்கே ஹென்னிங் குருவாகிவிட்டார். "உறையுற காத்துலயும் சூடு இருக்கு. இந்த மெஷின் அதை இழுத்து வீட்டுக்குள்ள விடுது" என்று, குப்பை கொட்ட வந்தவர்களைக்கூட நிறுத்திப் பாடம் எடுத்தார்.

பக்கத்து வீட்டு பால்கே அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"வேற எதையெல்லாம் இழுக்குது, ஹென்னிங் சார்? மெஷின்லேர்ந்து உங்க வாசல் வரைக்கும் வெறுங்கால் தடம். உள்ள போயிருக்கு, திரும்பக் காணோம்."

பனியில் தடம் இருக்கத்தான் செய்தது.

"அதை அணைச்சுத் தொலைங்க. ராத்திரி பூரா என் பக்கத்துல யாரோ மூச்சு விடுறாங்க" என்றாள் மனைவி உட்டே.

"அணைச்சா பால்கே கிழவி ஊரைக் கூட்டிச் சிரிப்பா. இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படு."

மறுநாள் காலை தடங்கள் வாசலிலிருந்து மெஷினை நோக்கிப் போயிருந்தன. இம்முறை இரண்டு ஜோடி. சின்ன ஜோடி இழுபட்டுக்கொண்டே போய், மெஷினின் மின்விசிறிக்கு முன்னால் முடிந்திருந்தது. படுக்கையில் உட்டே இல்லை. வீடு அருமையான கதகதப்பில் இருந்தது.

"உட்டே!" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டார். பால்கே வீட்டு ஜன்னல் திரை அசைந்தது.

காலை ஏழு மணிக்குள் நடைபாதைப் பனியைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவ்வூர்ச் சட்டம். ஹென்னிங் துடைப்பத்தை எடுத்து, தடங்கள் கிடந்த தோட்டத்திலிருந்து ஆரம்பித்தார்.