சிவப்புத் தடிகளுக்கு உள்ளே

பத்மாசனி அம்மா தன்னுடைய காணியின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கால் வைக்க மறுத்துவிட்டார்.

ஆனையிறவுக்குத் தெற்கே முக்கால் ஏக்கர் தென்னங்காணி. கண்ணிவெடி அகற்றி முடிந்து, வேறொரு குழு வந்து இரண்டு தடவை சோதித்து, அன்று காலை பத்து மணிக்குக் கையளிப்பதாக இருந்தது.

எங்கள் பொறுப்பாளர் பிரதாபன் சான்றிதழை முழுவதும் வாசித்தார். அம்மா கடைசி வரி வரை கேட்டார்.

“இதைத் துப்புரவாக்கின பிள்ளை செத்துப்போச்சுதெண்டு ஊரெல்லாம் கதை. இதுக்குள்ள என்ர பேரப்பிள்ளையளை எப்பிடி விடுறது?”

கதை பாதி உண்மை. இந்தக் காணியைத் துப்புரவாக்கிய சுமித்திரா இறந்து இருபத்திரண்டு நாள். லீவில் போனவள் தன் சொந்த வயலுக்குள் இறங்கினாள். எலிக்காய்ச்சல். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

பிரதாபன் அதைச் சொன்னார். அம்மா நம்பவில்லை. காய்ச்சலில் சாகிற வேலையா அது என்று கேட்டார்.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் அவர் இப்படியே திரும்பிப் போனால், சுமித்திரா ஒரு வெடியைத் தவறவிட்டுச் செத்தாள் என்பதுதான் ஊரில் நிலைக்கும். பதினொரு வருடம் முழங்காலில் இருந்து மண்ணை விரல் விரலாகச் சுரண்டியவளுக்கு அந்தப் பெயர் வரக்கூடாது.

கையளிக்கும் நாளில், துப்புரவாக்கியவரே முதலில் நடந்து காட்டுவது எங்கள் குழுவின் வழக்கம். சுமித்திரா கையை வீசிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள் போல நடப்பாள்.

“நான் நடக்கிறன் அண்ணை,” என்றேன்.

பிரதாபன் என்னை ஒருமுறை பார்த்தார். மறிக்கவில்லை.

சப்பாத்தைக் கழற்றி வேலி ஓரம் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். நடுவில் நெருஞ்சி முள் ஏறியது. நிற்கவில்லை, நின்றால் அம்மா வேறு விதமாக நினைத்துவிடுவார். கையை வீசிக்கொண்டே நடந்தேன். கிணற்றடி, தலை முறிந்த தென்னை, மறு வேலி. போன தடத்தால் வராமல், வேறு பக்கத்தால் திரும்பினேன்.

பாதி வழியில் அம்மா எதிரே வந்துகொண்டிருந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

“பயமில்லையோ பிள்ளை? நீயும் அந்தப் பிள்ளையோட வெடி எடுக்கிறனியோ?”

இல்லை என்றேன். வெடி தேடும் கருவியை நான் ஒருநாளும் கையில் தொட்டதில்லை. நான் குழுவின் மருத்துவ உதவியாளர். காயக்கட்டுப் பையோடு, வெடி நிலத்தின் எல்லை காட்டும் சிவப்புத் தடிகளுக்கு வெளியே கதிரையில் இருப்பதுதான் என் வேலை. யாருக்காவது வெடித்து, கூப்பிட்டால் மட்டும் உள்ளே போகலாம். சும்மா இருந்து சம்பளம் எடுக்கிறாய் என்று சுமித்திரா ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் பகிடி விடுவாள்.

பதினொரு வருடத்தில், அவள் துப்புரவாக்கிய எந்த நிலத்துக்குள் இருந்தும் என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை.