ஐந்தாவது பாட்டில் ஓர் அதட்டல்

கேசட் அறுந்துவிட்டது என்று மேடையிலிருந்து அறிவித்தார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவுக்குப் பகீரென்றது.

ஓட்டிப் பார்க்கும்போது மெஷின் நாடாவை மென்று துப்பிவிட்டதாம். அதனால் என்ன, புது டிஸ்க் கையில் இருக்கிறது, ஒரு பிசிறு இருக்காது, கண்ணாடி மாதிரி கேட்கும் என்றார்கள். கூட்டம் விசிலடித்தது.

பிசிறு இருக்காதாமே! அந்தப் பிசிறுக்காகத்தானே அவள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மண்டபம் முழுக்கக் கறுப்பு டி-ஷர்ட்டுகள். ஒரு காலத்தில் தொளதொளவென்று தொங்கியவை, இப்போது தொப்பையை இழுத்துப் பிடிக்கப் படாத பாடு பட்டன. மார்பில் அச்சடித்திருந்த எலும்புக்கூடுகள்கூடக் கொஞ்சம் சதை போட்டிருந்தன. ஒரே ஒரு ஹெவி மெட்டல் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றாகக் கேட்பதற்காக வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிற கூட்டம் இது. பைத்தியங்கள்தான், சந்தேகமே இல்லை.

அவளை அழைத்து வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பட்டப்பெயர் சடை. தலையில் ஒரு முடி மிச்சமில்லை, பெயர் மட்டும் உதிரவில்லை.

போன மாதம் அவளுடைய கண்ணைச் சோதித்துக்கொண்டே ஏதோ ஒரு மெட்டைக் கரகரவென்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடுவில் திடீரென்று பெண்குரலில் கத்தினார்.

"டேய், சத்தத்தக் கொறைடா! நைட் டூட்டி பாத்துட்டு வந்திருக்கேன்!"

நர்ஸம்மா நாற்காலியிலிருந்து விழாத குறை. அது அவள் போட்ட அதட்டல்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தம்பிக்குப் போட்டது. இரவல் வாங்கிய ரெக்கார்டை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தான். வயர் போட்டு இணைக்கிற வித்தையெல்லாம் துரைக்குத் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து அவள் கத்தியது, ஐந்தாவது பாட்டின் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஆல்பம் கடைக்கே வராத காலம். தம்பியின் கேசட்டிலிருந்து ஒருவன் நகல் எடுத்தான், அதிலிருந்து இன்னொருவன். அப்படியே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதட்டலும் கூடவே போனது. சடையும் அவருடைய சிநேகிதர்களும் அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். அது இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை என்று சத்தியம் செய்தார் சடை. பழைய கேசட்டையே போடப் போகிறோம், வந்து பாருங்கள் என்றும் சொன்னார்.

அந்தக் குரல் தன்னுடையது என்று அவள் மூச்சுவிடவில்லை. வெட்கம். ஆனால் வீட்டில் இருந்த அசல் கேசட்டை எவனோ வாங்கிக்கொண்டு போய், திருப்பித் தரவே இல்லை. இதைவிட்டால் அதைக் கேட்க வேறு வழியில்லை. அதனால் வந்தாள். வந்த இடத்தில் இப்படி.

முதல் பாட்டு இறங்கியது. நாற்காலி அதிர்ந்தது. அன்றைக்குத் தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருந்த அதே டிரம்ஸ், இன்றைக்கு என்னவோ நெஞ்சுக்குள்ளேயே வாசித்தது. பக்கத்தில் ஒரு ஸ்கூல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத கிட்டாரைப் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார். அடப்பாவிகளா, நல்லாத்தான் இருக்கு என்று நினைத்துக்கொண்டாள். கால் தானாகத் தாளம் போட்டது.

ஐந்தாவது பாட்டு.

கிட்டார் தனியாகப் பிரிந்து மேலே மேலே ஏறியது. அந்த இடம் வந்தது. டிஸ்க்கில் கிட்டார் மட்டும்தான் இருந்தது, சுத்தமாக.

போச்சு, அவ்வளவுதான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மண்டபமே எழுந்து நின்றது.

"டேய், சத்தத்தக் கொறைடா! நைட் டூட்டி பாத்துட்டு வந்திருக்கேன்!"

அத்தனை ஆண்களும் பெண்குரலில்! நர்ஸம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் உட்காரவில்லை. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை வேறு குரல், பதினேழு வயதுப் பையனின் குரல்.

"போக்கா! இப்பத்தான் நல்ல எடமே வருது!"

கடைசியில் ஒரு சிரிப்பு. மூக்கால் வருகிற, அடக்கமாட்டாத சிரிப்பு.

அவள் கேட்க வந்தது அதைத்தான். தன் அதட்டலை அல்ல.

'போ'வை அவன் இழுக்கிற இழுப்பைக்கூட ஒருத்தரும் விடவில்லை. கேட்டுக் கேட்டு, முகம் தெரியாத ஒருத்தனுடைய சிரிப்பை மண்டபம் முழுக்கப் பழகி வைத்திருந்தார்கள். வீட்டில் அவனுடைய போட்டோ வேண்டிய மட்டும் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை.

சடை திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. பதறிப்போனார்.

"என்ன சிஸ்டர், காது வலிக்குதா? சத்தத்தக் கொறைக்கச் சொல்லவா?"

"ஐயோ, கொறைக்காதீங்க! அது என் தம்பி!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

அவன் இப்போது இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.