எந்தக் கையின் நிழல்

திரையில் நின்ற பட்டுச்சேலைப் பெண் பிறந்தவளே இல்லை. கணினி வரைந்த முகம்; அதற்கு ஆழம் தருவது மட்டும் உண்மையான ஒரு மனுஷியின் நிழல். அந்தக் கன்னத்துப் பள்ளமும் கழுத்தெலும்பின் குழியும் இருதயராஜின் மனைவி ரெஜினாவுடையவை. பத்து வருஷத்துக்கு முன்னால் அவளை எட்டு நாள் லைட்டுக்கு முன் உட்காரவைத்து, தான் வேலை பார்க்கும் விளம்பரக் கம்பெனிக்காக அந்த நிழல்களைப் பதிவுசெய்தவரே அவர்தான். கண் கூசுகிறது என்று அவள் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம், "கையை எடு ரெஜினா, வேலை கெடுது" என்று அதட்டியிருக்கிறார். அவள் இறந்துபோய் மூன்று வருஷமாகிறது.

"அண்ணே, இங்க பாருங்க," என்றாள் மேலாளர் வான்மதி. "இந்தப் பொண்ணு ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நிக்குது. அப்ப கண்ணு மேல விழுறது எந்தக் கையோட நிழல்?"

ஐந்து விரல்களும் தெளிவாக விழுந்திருந்தன. மோதிர விரல் மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. ரெஜினாவின் மோதிர விரலும் அப்படித்தான்.

"நாலு தடவை அழிச்சுட்டேன். திரும்பத் திரும்ப வருது. இந்த நிழலை மொத்தமா தூக்கிட்டு வேற ஆளோடதைப் போட்டுரலாம்ணே."

"ஒரு நிமிஷம் பொறும்மா."

அவர் படத்தின் மெயின் லைட்டைப் பாதியாகக் குறைத்து, பக்கவாட்டில் ஒதுக்கினார். முகத்தின் மேலிருந்த கை நிழல் மெல்ல, நம்பலாமா என்று யோசிப்பதுபோல, கீழே இறங்கியது.

"போயிடுச்சே. என்ன பண்ணீங்க?"

"கண்ணு கூசுதாம்," என்றார் இருதயராஜ்.