மேயர் வீட்டு அடைப்பு

"மூக்குல துணி கட்டிக்கிட்டு வேலை பாக்குறவன்லாம் என்னய்யா பிளம்பர்?" என்று கூடத்திலிருந்து யாரோ கேட்க, ஒரு கூட்டமே சிரித்தது.

பிளம்பர் சமையலறை சிங்க்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, வளைந்த குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். நட்டைத் திருகியதுதான் தாமதம், முந்தின நாள் வெற்றி விருந்து மொத்தமும் அவன் மார்பில் கொட்டியது. எலும்பு, கேக்கில் தடவிய கிரீம், ஊறிப்போன சிகரெட் துண்டுகள்.

"தம்பி, கதவுல தொங்குற புடவை மேல தெறிச்சிடாம பாத்துக்குங்க" என்றாள் சமையல்காரம்மா. "வீட்டம்மாவோடது. சாயந்தரம் திருப்பிக் கொடுக்கணும்."

வேறு வீடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று நழுவியிருப்பான். இது தேர்தலில் ஜெயித்த வீடு. ஐயாவை நேரில் பார்க்க இதைவிட்டால் வேறு வழி கிடையாது என்றுதான் கூப்பிட்டதும் ஓடி வந்தான்.

அவன் பையில் ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு பாட்டில் இருந்தது. அவன் தெருக் குழாயில் காலையில் பிடித்த குடிதண்ணீர். சாக்கடை கலந்து மஞ்சளாக இருந்தது. அதைக் குடித்துத்தான் அவன் மகள் ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தாள். தெருவில் பாதி வீட்டில் இதே கதை.

ஊரெல்லாம் சுவருக்குச் சுவர் ஐயாவின் முகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது. 'சுத்தமான தண்ணீர், சுத்தமான நிர்வாகம்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பி வாக்குச்சாவடிக்குப் போனவன், வேட்பாளர் பெயரைக்கூடப் படிக்கவில்லை. சின்னத்தைத் தேடினான், குத்தினான், வந்துவிட்டான்.

வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு பாட்டிலோடு கூடத்துக்குப் போனான். சோபா முழுக்கப் பூங்கொத்துகள். நடுவில் ஐயா.

"யாரு என்ன ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டாலும் நாற்காலி இந்த வீட்டை விட்டுப் போயிடுமா?" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, ஐயா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"மேயர் ஐயா..." என்று இழுத்தான் பிளம்பர்.

அந்த வார்த்தை அவருக்கு இனித்தது. "சொல்லுப்பா."

"எங்க தெருத் தண்ணிங்க ஐயா. ஒரு தடவை மோந்து பாத்தீங்கன்னா போதும்." மூடியைத் திறந்தான்.

சோபாவில் இருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். ஐயா கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டார். "கருமம்! மூடுய்யா அதை. நல்ல நாளும் அதுவுமா இதையா வீட்டுக்குள்ள கொண்டு வருவ? ஆபீஸ்ல போய்ச் சொல்லு."

"இதைத்தான் குடிக்கிறோம் ஐயா. எம் பொண்ணு ஆஸ்பத்திரியில..."

"ஆபீஸ்ல சொல்லுன்னேன்ல? வந்த வேலையைப் பாரு."

ஓட்டுக் கேட்டு வந்தபோது இதே ஆள்தான் அவன் மகளைத் தூக்கிவைத்துக் கொஞ்சினார். படம் எடுத்து முடித்ததும் இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அது உறைக்கவில்லை. இப்போதுதான் உறைத்தது. தூ, இந்த ஆளுக்கா போட்டோம் என்று தன் கைமீதே அருவருப்பாக இருந்தது.

சமையலறைக்குத் திரும்பினான். சமையல்காரம்மா தரையில் வாளியை வைத்துக்கொண்டு மலைபோல் குவிந்த எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இன்னுமா முடியல? விடிஞ்சதுலேருந்து என்னதான் தேய்க்கிறியோ!" என்று உள்ளறையிலிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது.

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "தம்பி, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் காட்டுங்க."

வாங்கி முகர்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். "எந்தத் தெரு?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி, கடைசித் தெரு, அக்கா."

"பாப்பா இப்ப எப்படி இருக்கு?"

"கண்ணு திறக்குது. பேச்சு இல்ல."

அவள் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள். "பாட்டிலை என்கிட்டயே வச்சுட்டுப் போங்க தம்பி" என்றாள்.

"எதுக்குக்கா, தட்டுக் கழுவவா?" கூடத்தில் காட்ட முடியாத கோபமெல்லாம் அவள்மேல் விழுந்தது. "நாற்காலியில உக்காந்து மாத்த வேண்டிய ஆளே மூக்கைப் பொத்திக்கிறாரு. நீங்க இதை வச்சுக்கிட்டு என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தட்டை எடுத்தாள். ஏன் அப்படிக் கேட்டோம் என்றாகிவிட்டது அவனுக்கு. பாவம், அவளே ஏச்சு வாங்கிப் பிழைக்கிறவள். பேசாமல் குழாயைப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான். அடைப்பு விட்டு மடமடவென்று இறங்கியது.

வாசலில் கார்கள் விடாமல் ஹார்ன் அடித்தன. வீட்டம்மா அரக்கப்பரக்க வந்து கதவருகில் நின்று, தரையில் உட்கார்ந்திருந்த சமையல்காரம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"தட்டு எங்கடி ஓடிடப் போகுது? போய் மேயராப் பதவி ஏத்துக்கிட்டு வந்து கழுவு!"