நேர்முக வர்ணனை

"நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. அவன் தானா ஏறுவான்," என்றான் கணவன்.

பூங்காவின் கயிற்றுவலை முன்னால் மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான்கு வயது.

ஒவ்வொரு ஞாயிறும் பாதி வலை ஏறுவான். திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். வீலென்று அழுவான்.

வலையின் உச்சி கணவனின் தோள் உயரம்தான். அந்தப் பக்கம் இறங்க ஒரு சறுக்கு, கீழே கொட்டிவைத்த மணல். ஆனாலும் அவள் முகத்தில் அப்படியொரு பயம்.

இத்தனைக்கும் அவள் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். 'ஏறட்டும், விழட்டும், விடுங்க' என்று நாள் முழுக்கப் பெற்றோர்களை விரட்டுகிறவள். ஊருக்குத்தான் உபதேசம்.

இன்று காலை மகன் சொல்லிவிட்டான், "எனக்கு ஏற வராதும்மா."

வராது என்ற சொல்லை, கால் வலுவில்லாத பிள்ளைகளிடம் அவள் தினமும் கேட்கிறாள். இவன் கால்களில் ஒரு குறையும் இல்லை. இவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

கணவன் டவர் கிரேன் ஓட்டுபவன். மேகத்துக்குப் பக்கத்துக் கூண்டில் சாப்பிட்டு, குட்டித் தூக்கமும் போடுகிறவன்.

"மேல இருந்தா சில நேரம் சுமையே என் கண்ணுக்குத் தெரியாது. கீழ நிக்கிறவன் வாக்கி டாக்கியில சொல்லச் சொல்லத் தூக்குவேன். இன்னிக்கு நான் சொல்றேன், நீ கேளு."

"பொய் சொல்லக் கூடாது."

"டன் கணக்குல தூக்குறவன்மா நான். இந்தப் பொடியனுக்குப் போய்ப் பொய் சொல்வேனா?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். சைக்கிள்களுக்கு நடுவே ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"வலது கால் வெச்சுட்டான். கை கெட்டியாப் பிடிச்சிருக்கு."

செருப்புக்குள் அவள் விரல்கள் மடங்கின.

"இடது கால்... நிக்கிறான். யோசிக்கிறான்."

"என்ன யோசனை?"

"உங்க வீட்டு ரத்தமாச்சே. எட்டு வைக்கிறதுக்கே மாநாடு போடுவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காதருகே ஏறியிருந்த தோள்கள் மெல்ல இறங்கின.

"அடுத்த கயிறு. அப்படித்தான்டா... ஆங்!"

யாரோ அவள் சட்டையின் நுனியை இழுத்தார்கள்.

குனிந்தாள். மகன். தலைமுடியெல்லாம் மணல், முட்டியில் சிறு சிராய்ப்பு, முகம் முழுக்கப் பல்.

"உச்சிக்குப் போயி அந்தப் பக்கம் சறுக்கிட்டேம்மா!" என்றான் ரகசியம்போல. "ரெண்டு தடவை!"

"பாதி வந்துட்டான். பதறாத," என்றது முதுகுக்குப் பின்னால் குரல்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

வலை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே கணவன், இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்து, ஊசி போடும்போது பிள்ளைகள் மூடுவார்களே, அப்படிக் கண்களை இறுக்கி மூடி நின்றிருந்தான்.

அவள் மகனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"அடுத்த கால்?" என்று கேட்டாள்.

"வெச்சுட்டான், வெச்சுட்டான்."