டீமின் முதல் ரூல்

திரும்பிப் பார்த்த டெரிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பின்னால் மொத்தக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு, வெறிபிடித்தவன் மாதிரி மிதித்து வருகிறவன் எதிரி டீம்காரன் இல்லை. அவருடைய டீமின் மஞ்சள் ஜெர்ஸி. அவரே பழக்கிவருகிற புதுப் பையன் ரெமி!

கனடாவின் சஸ்கட்டூன் நகரத்தில் செவ்வாய்க்கிழமை மாலைதோறும் நடக்கிற சைக்கிள் ரேஸ். பரிசு என்று பார்த்தால் ஒரு பை காபிக்கொட்டைதான். ஆனால் பதினோரு வருஷத்தில் டெரில் அதை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கேப்டன் என்ற பேரில் மற்றவர்களை ஜெயிக்க வைத்தே அவருக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது.

இன்று சீசனின் கடைசி ரேஸ்.

"இன்னிக்கு உனக்காகத்தான் ஓட்டுறோம். நீ முன்னால ஓடிடு. கூட்டத்தை நாங்க பார்த்துக்கறோம்" என்று டீமில் கூட ஓட்டுகிற கோலீன் சொல்லியிருந்தாள். சொன்னபடியே கூட்டத்துக்கு முன்னால் நிதானமாக ஓட்டி, எல்லோருடைய வேகத்தையும் குறைத்து வைத்திருந்தாள். தனியாகப் பிரிந்து போன டெரிலுக்கு இருபது செகண்ட் லீடு. இன்னும் இரண்டே சுற்று.

அதில் மண்ணைப் போட வந்துவிட்டான் இந்தப் பயல்.

ரேஸ் கிளம்புவதற்கு முன்னால்கூட அவனை நிற்க வைத்துக் கேட்டாரே!

"முதல் ரூல் என்னடா?"

"சொந்த டீம்காரர் முன்னால போனா துரத்தக் கூடாது."

"ஏன்?"

"நான் துரத்தினா, என் முதுகுக்குப் பின்னால காத்துப் படாம அத்தனை பேரும் ஓசியில வந்து சேர்ந்துடுவாங்க."

"ரெண்டாவது?"

"கிளம்பறதுக்கு முன்னால வண்டியைச் செக் பண்ணணும்."

"பண்ணினியா? தள்ளு, நான் பார்க்கறேன்."

தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து, ரெமியின் பிரேக், செயின், சக்கரம் என்று ஒன்று விடாமல் ஆட்டிப் பார்த்தார். விசில் ஊதும்வரை திட்டித் தீர்த்தார்.

இந்த ரோடு போய்த் திரும்பி வருகிற ரோடு. போன சுற்றில் எதிரும் புதிருமாகக் கடக்கும்போது ரெமி கையை ஆட்டி என்னவோ கத்தினான். காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து இவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

டெரில் உயிரைக் கொடுத்து மிதித்தார். எதிர்க்காற்றில் வண்டி ஆடியது. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கிற நேரத்தில் ரெமி பக்கத்தில் வந்துவிட்டான்.

"நிறுத்துங்க!" என்றான். வேறு வார்த்தைக்கு அவனிடம் மூச்சு இல்லை.

"நிறுத்தறதா? நீ யாருக்குடா ஓட்டுற?"

"நிறுத்துங்க!"

அதற்குள் கூட்டம் வந்து இரண்டு பக்கமும் கடந்து போனது. "நல்ல டீம்ப்பா உங்க டீம்!" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே போனான். பதினோரு வருஷக் கனவு ஐந்து செகண்டில் போய்விட்டது. டெரிலுக்கு அழுகையே வந்துவிட்டது. பெடலை மிதிக்காமல் விட்டார். வண்டி மெதுவாக உருண்டு, ரோட்டை விட்டு கார் பார்க்கிங்குக்குள் போனது.

ரெமியும் பின்னாலேயே வந்தான். இறங்கியதுதான் தாமதம், வேலியோரம் குனிந்து குடம் குடமாக வாந்தி எடுத்தான்.

கோலீனும் ரேஸை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

"வாந்தி எடுக்கிற அளவுக்குத் துரத்தியிருக்கான் பாரு! அந்த மனுஷன் ஜெயிக்கறது உனக்கு அவ்வளவு எரியுதா?" என்றாள்.

ரெமி நிமிர்ந்தான். பேச வாயெடுத்தான். வார்த்தைக்குப் பதிலாக இருமல்தான் வந்தது. டெரிலை நோக்கி விரலை நீட்டினான்.

"என்னையே கை நீட்டறியா?" டெரில் கத்திய கத்தலில் பார்க்கிங்கில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "நன்றி கெட்டவனே! ரெண்டு மாசமா உன்னைக் கூட வச்சிக் கத்துக்கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். ஒரு வார்த்தை பேசாத. டீம் ஜெர்ஸியைக் கழட்டிக் கொடுத்துட்டு ஓடிப் போ!"

ரெமி தலையைக் குனிந்து ஜெர்ஸியின் ஜிப்பை இறக்கினான்.

காரின் மேலே ஏற்றுவதற்காக டெரில் தன் வண்டியை ஆத்திரத்தோடு தூக்கினார்.

வண்டி மட்டும்தான் மேலே வந்தது.

முன்சக்கரம் தரையிலேயே நின்றது. பிறகு தானாக உருண்டுபோய், ரெமியின் காலடியில் சாய்ந்து விழுந்தது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைக்கிற லீவர் இறுக்கப்படாமல் விரியத் திறந்து கிடந்தது.

கடைசிச் சுற்றில் எழுந்து நின்று, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கி இழுத்து மிதிப்பது டெரிலின் வழக்கம். இழுத்திருந்தால்? தூக்கிய வண்டியை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். கோலீன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ரெமிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கழற்றிய ஜெர்ஸியை மடித்து நீட்டினான்.

"முதல் ரூலை மீறினதுக்கு மன்னிச்சிருங்க, கேப்டன். எதிர்ல வரும்போது லீவர் திறந்திருக்கறதைப் பார்த்துட்டுக் கத்தினேன், உங்களுக்குக் கேக்கல. துரத்தி வந்து சொல்றதைத் தவிர வேற வழி தெரியல."